கொழும்புக்குக் குடிவருகிறவர்களுக்கு: வீடு, பஸ், கந்தோர், கறிச்சாமான்

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ வேலைக்கும் படிப்புக்கும் கொழும்பு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எங்கே வேலை என்றுதான். வீடு எங்கே பார்க்கிறீர்கள் என்பது அதற்குப் பிறகு. தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள், கோயில் கிட்ட இருக்கிறது என்று வீட்டை முதலில் பிடித்துவிட்டு, வேலைக்கு எப்படிப் போய் வருவது என்பதை அட்வான்ஸ் கொடுத்த பிறகு யோசிக்கிறவர்கள்தான் அதிகம், அவர்களுடைய மாலைநேரம் முழுவதும் பஸ்ஸில் நின்றே போய்விடுகிறது, பிறகு கொழும்பு சரியில்லை என்று சொல்கிறார்கள். கொழும்பு நல்ல ஊர். சரியான வீதியில் வீடு எடுத்தால் வாழ்வதற்கு இலகுவான ஊர்.

ஊரில் இதைப் பெரிய பட்டணம் என்பார்கள். மாநகர சபையின் எல்லைக்குள் 37 சதுர கிலோமீற்றர்தான் இருக்கிறது, 2012 குடிசனக் கணக்கெடுப்பில் அதற்குள் இருந்தவர்கள் ஐந்தரை இலட்சத்துக்குச் சற்று அதிகம், சென்னையோடு வைத்துப் பார்த்தால் நடுத்தர நகரம். ஆனால் சுற்றியுள்ள ஊர்கள் எல்லாம் காலையில் இதற்குள் வந்து மாலையில் திரும்புகின்றன. தெற்கிலிருந்து காலி வீதி, தென்கிழக்கிலிருந்து ஹைலெவல் வீதி, வடக்குப் பக்கத்தால் கண்டி வீதியும் நீர்கொழும்பு வீதியும், எல்லாம் கோட்டையையும் புறக்கோட்டையையும் நோக்கித்தான் வருகின்றன. ஒரே வீதியில் நேராக வந்து போவதென்றால் ஒரு பஸ் போதும். ஒரு வீதியிலிருந்து இன்னொன்றுக்குக் குறுக்கே போவதென்றால் இரண்டு பஸ், சிலவேளை மூன்று, நடுவில் ஹோல்டில் வெயிலுக்கு நிற்கிற நேரம் வேறு. ஆகவே வேலை எந்த வீதியில் இருக்கிறதோ அந்த வீதியிலேயே வீட்டைத் தேடுங்கள்.

கோட்டை, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டிப் பக்கம் வேலை என்றால் வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை எல்லாம் சரி. ரயிலும் இருக்கிறது, பஸ்ஸும் இருக்கிறது. ஐடி வேலைக்கு மருதானையில் ட்ரேஸ் என்கிற ஐடி வளாகத்துக்குப் போகிறவர்களுக்கும் இதே கரையோர ரயில் மருதானை வரை போகும். பத்தரமுல்லை, மாலபே என்றால் கதை வேறு. அங்கே படிக்கிற பிள்ளைகள் தமிழாட்கள் இருக்கிறார்கள் என்பதற்காக வெள்ளவத்தையில் அறை எடுத்துவிட்டு நாள்தோறும் நகரைக் குறுக்கே கடந்து வாடுவதைப் பார்க்கிறபோது எனக்குக் கவலையாக இருக்கும். ராஜகிரியவிலோ மாலபேயிலோ நான்கு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்துக்கொண்டு, சனி ஞாயிறில் வெள்ளவத்தைக்கு வந்து தோசையும் சாப்பிட்டு, ஊர்ச் சாமானும் வாங்கிப் போவது எவ்வளவோ மேல். நுகேகொடை, மகரகமைப் பக்கம் வேலை என்றால் கிருலப்பனையைப் பாருங்கள். புறக்கோட்டையில் கடை, துறைமுகத்தில் வேலை என்றால் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி. வெள்ளவத்தையை விட வாடகை குறைவாக இருக்கும், தமிழும் தாராளமாகக் கேட்கும், பிள்ளைகளுக்கு விவேகானந்தா போன்ற தமிழ்ப் பள்ளிக்கூடங்களும் இருக்கின்றன.

ஆட்கள் கொழும்பு ஆறு, கொழும்பு பதின்மூன்று என்று இலக்கத்தில் பேசுவார்கள். அது தபால் வலயம். 3 கொள்ளுப்பிட்டி, 4 பம்பலப்பிட்டி, 6 வெள்ளவத்தை, 7 கறுவாத்தோட்டம், 8 பொரளை, 10 மருதானை, 11 புறக்கோட்டை, 13 கொட்டாஞ்சேனை, 15 முகத்துவாரமும் மட்டக்குளியும். தெஹிவளைக்கும் கல்கிசைக்கும் இந்த இலக்கம் கிடையாது, அவை மாநகர எல்லைக்கு வெளியே. வீதிகளுக்குப் பழைய பெயர் ஒன்று, புதுப் பெயர் ஒன்று. பலகையில் ஆர்.ஏ. டி மெல் மாவத்தை என்று இருக்கும், எல்லோரும் சொல்வது டுப்ளிகேஷன் ரோடு. வெள்ளவத்தை ஒழுங்கைகளும் அப்படித்தான், 57ஆம் ஒழுங்கை என்று கேட்டால் காட்டுவார்கள், ருத்ரா மாவத்தை என்றால் சிலர் யோசிப்பார்கள். இரண்டு பெயரையும் போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது

வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடல் பக்கம், மற்றப் பக்கம் என்று இரண்டு இருக்கிறது. கடல் பக்கம் காற்று அருமை, மாலையில் மரைன் டிரைவில் நடக்கலாம், ரயில் நிலையம் காலடியில். கூடவே உப்புக் காற்று. ஜன்னல் கொளுவி, ஃபேன், ஃபிரிட்ஜின் பின்பக்கம், ஏசியின் வெளிப்பெட்டி எல்லாம் துருப்பிடிக்கும். ரயில் சத்தம் முதல் சில வாரம் தூக்கத்தைக் கெடுக்கும், பிறகு காது பழகிவிடும். மற்றப் பக்கம் கால்வாய்க்குக் கிட்டப் போகப் போக நுளம்பு கூடும், பலத்த மழைக்குத் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள். வீட்டுக்காரர் நிற்காது என்றுதான் சொல்வார். சுவரின் அடியில் ஈரக்கோடு இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்வது நல்லது.

தொடர்மாடி என்றால் முதலில் கேட்க வேண்டியது ஜெனரேட்டரைப் பற்றி. மின்சாரம் நின்றால் லிஃப்ட் மட்டுமா நிற்கிறது, தண்ணீர் மோட்டரும் நிற்கும், மேல் தாங்கி காலியானால் ஐந்தாம் மாடிக்கு வாளி தூக்க வேண்டி வரும். 2022இல் நாளுக்குப் பல மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது மாடி வீட்டுக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அப்புறம் பராமரிப்புக் காசு வாடகைக்குள் அடக்கமா, வேறா? மின்மானி உங்களுக்குத் தனியாகவா, வீட்டுக்காரரோடு பொதுவாகவா? அனெக்ஸ், அதாவது வீட்டுக்காரரின் வீட்டோடு சேர்ந்த தனிப்பகுதி, எடுக்கிறவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள். மின்கட்டணம் படிப்படியாக ஏறுகிற முறையில் இருக்கிறது, மாதம் 60 அலகைத் தாண்டினால் வேறு கணக்கு, அதற்கு மேலேயும் 90, 120, 180 என்று படிகள். இரண்டு குடும்பம் ஒரே மானியில் ஓடினால் இரண்டு பேருடைய பாவனையும் சேர்ந்து மேல் படிக்குப் போய், தனித்தனியே இருந்தால் வருகிற கட்டணத்தை விட நிறையக் கூடிவிடும்.

அட்வான்ஸ் ஆறு மாதம் கேட்பார்கள், சிலர் ஒரு வருடம் கேட்பார்கள். புரோக்கர் வந்தால் அவருக்கு ஒரு மாத வாடகை. பேசலாம், பேசினால் குறைப்பார்கள். எது எப்படியானாலும் ஒப்பந்தத்தை நொத்தாரிசு முன் எழுதிக்கொள்ளுங்கள். நம்மட ஆள், சொந்தக்காரரின் சொந்தக்காரர் என்று துண்டுக் கடதாசியில் முடித்துவிடாதீர்கள், ஏனென்றால் அந்த ஒப்பந்தம் நாளைக்கு நீங்கள் இந்த முகவரியில் இருந்தீர்கள் என்பதற்குச் சாட்சி. அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும், வர்ணம் பூசுவதற்கு என்று கழிப்பார்களா என்பதையும் அதிலேயே போடச் சொல்லுங்கள். வீடு எடுக்கிற அன்றைக்கே சுவர், குழாய், கதவுப் பூட்டு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள்.

இன்னொரு விஷயம், வெளிப்படையாகவே சொல்கிறேன். போர்க்காலத்தில் கொழும்பில் இருந்த தமிழர்கள் பொலிஸ் பதிவுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தார்கள். அந்தக் காலத்துப் பயம் வீட்டுக்காரர் பலருக்கு இன்னும் இருக்கிறது, ஆகையால் வீட்டில் தங்குகிற ஒவ்வொருவரின் அடையாள அட்டைப் பிரதியும் கேட்பார்கள். பிரதியின் மேல் எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் திகதியையும் குறுக்கே எழுதிக் கொடுங்கள். தமிழ் ஆட்களுக்கு வீடு இல்லை என்று போனிலேயே சொல்லுகிற இடங்களும் இருக்கின்றன. மனது நோகும். அந்த வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டைப் பாருங்கள், நல்ல மனிதர்கள் அதைவிட அதிகம் இருக்கிறார்கள், சிங்கள வீட்டுக்காரர்களின் அனெக்ஸில் பல வருடம் பிள்ளைகளைப் போல இருந்து படித்து முடித்தவர்களை எனக்குத் தெரியும்.

பஸ்ஸும் ரயிலும்

காலி வீதியில் 100உம் 101உம் ஓயாமல் ஓடும். 100 பாணந்துறையிலிருந்து, 101 மொரட்டுவையிலிருந்து, இரண்டும் புறக்கோட்டைக்கு. 155 சொய்சாபுரவிலிருந்து மட்டக்குளிக்கு, வெள்ளவத்தையிலிருந்து பல்கலைக்கழகத்துக்கும் மருதானைக்கும் போகிறவர்களுக்கு அதுதான் பஸ். 141 வெள்ளவத்தையிலிருந்து நாரஹேன்பிட்டிக்கு, ஈபிஎஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதி அலுவலுக்குத் தொழில் திணைக்களத்துக்கும் வாகன அலுவலுக்கும் போகிறவர்களுக்கு உதவும். 138 புறக்கோட்டையிலிருந்து கிருலப்பனை, நுகேகொடை வழியாக மகரகமைக்கு. 177 கொள்ளுப்பிட்டியிலிருந்து ராஜகிரிய, பத்தரமுல்லை, மாலபே வழியாகக் கடுவலைக்கு. இந்த ஆறு ஏழு இலக்கத்தைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலான அலுவலைப் பார்த்துவிடலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கொள்ளுப்பிட்டிப் பக்கம் காலி வீதி ஒருவழிப் பாதை, கோட்டைக்குப் போகிற பஸ் காலி வீதியால் போகும், திரும்பி வருகிற பஸ் டுப்ளிகேஷன் ரோட்டால் வரும். இறங்கிய இடத்துக்கு எதிர்ப்பக்கம் நின்று காத்திருந்தால் பஸ் வராது, ஒரு வீதி உள்ளே நடக்க வேண்டும்.

ஏறினதும் இடத்தின் பெயரைச் சொல்லி, சில்லறையாகக் காசைக் கொடுங்கள். பெரிய தாள் கொடுத்தால் மிச்சத்தைப் பிறகு தருகிறேன் என்பார்கள், இறங்குகிற அவசரத்தில் மறந்துபோகும், ஆகவே இரண்டு ஹோல்டுக்கு முன்பே கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. இறங்குவதற்கு "பஹினவா" என்று சத்தமாகச் சொன்னால் போதும். கொண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று கத்தினால் முன்னுக்குப் போகச் சொல்கிறார். முன்னால் முதல் ஆசனங்கள் மதகுருமாருக்கு, அடுத்து கர்ப்பிணித் தாய்மாருக்கும் இடம் குறித்திருக்கும், இருந்தாலும் அவர்கள் ஏறினால் எழுந்துவிடுங்கள். சிவப்பு பஸ் இலங்கைப் போக்குவரத்துச் சபையுடையது, மாதச் சீசன் எடுத்தால் அதில்தான் செல்லும், தனியார் பஸ்ஸில் செல்லாது.

ஆனால் கரையோரத்தில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது ரயில்தான். கல்கிசை, தெஹிவளை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, செயலகம், கோட்டை, மருதானை. கந்தோர் நேரத்தில் பஸ் ஒரு மணித்தியாலம் எடுக்கிற தூரத்தை இது அரை மணிக்குள் முடித்துவிடும், காசும் குறைவு, ஜன்னல் பக்கம் முழுக்கக் கடல். கூட்டம் இருக்கும். ஒரு ரயில் தவறினால் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருங்கள், பஸ் மாதிரி வரிசையாக வராது. மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போவதையும், மேம்பாலம் ஏறப் பஞ்சிப்பட்டுத் தண்டவாளத்தால் கடப்பதையும் தயவுசெய்து செய்யாதீர்கள். கடல் இரைச்சலில் ரயில் வருகிற சத்தம் காதில் விழாது, போனைப் பார்த்தபடி அந்தத் தண்டவாளத்தில் உயிர் விட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஓட்டோவுக்கு பிக்மீ அல்லது ஊபர். வீதியில் கைகாட்டி ஏறினால் மீற்றர் போடச் சொல்லுங்கள், மீற்றர் இல்லையென்றால் ஏறுவதற்கு முன்பே விலையை முடித்துக்கொள்ளுங்கள். மழை தொடங்கினதும் இரண்டிலும் விலை ஏறும், வருகிறேன் என்றவர் ரத்தும் செய்வார். குடையோடு ஹோல்டில் நிற்பதுதான் அப்போது விரைவு.

சாமான், சாப்பாடு

மரக்கறிக்கும் மீனுக்கும் வெள்ளவத்தைச் சந்தை இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள். அறக்குளாவைத் தோரா என்றும் சொல்வார்கள், சிங்களக் கடையில் கேட்கும்போது அந்தப் பெயர் உதவும். செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள், வெட்டித் தரச் சொன்னால் வெட்டித் தருவார்கள். ஒடியல் மா, புழுக்கொடியல், நல்லெண்ணெய், வறுத்து அரைத்த கறித்தூள், காலம் வந்தால் கறுத்தக்கொழும்பான் மாம்பழம், எல்லாம் காலி வீதிக் கடைகளிலும் பக்கத்து ஒழுங்கைகளிலும் கிடைக்கும், ஊர் விலையை எதிர்பார்க்காதீர்கள். பருப்பு, சீனி, மா போன்றவற்றுக்கு சதொசவின் விலையை ஒருமுறை பார்த்துவிட்டு சூப்பர்மார்க்கெட்டுக்குள் போங்கள்.

மொத்தமாக வாங்குவதற்குப் புறக்கோட்டை. அதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது, தெரிந்தால் அலைய வேண்டியதில்லை. நான்காம் குறுக்குத்தெருவில் அரிசி, வெங்காயம், செத்தல் மிளகாய், பருப்பு. முதலாம் குறுக்குத்தெருவில் மின்சாதனங்கள். மெயின் வீதியிலும் கெய்சர் வீதியிலும் துணி. நகைக்குச் செட்டியார் தெரு. கேபோஸ் லேனில் ஆயுர்வேத மருந்துச் சரக்கு, பேறுகாலத்துக்குச் சரக்கு வாங்குகிறவர்கள் அங்கேதான் போவார்கள். பழைய ஆட்கள் இன்னும் மரக்கறிக்கு மனிங் மார்க்கெட் போ என்பார்கள், அது பேலியகொடைக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டு, நடைபாதை வியாபாரம்தான் நடக்கும். வெள்ளிக்கிழமை மதியம் முஸ்லிம் கடைகளை ஜும்ஆவுக்காகச் சாத்துவார்கள். நல்லது சனிக்கிழமையோ வாரநாளோ காலை பத்து மணிக்கு முன். கைப்பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள், நாட்டாமிமாரின் தள்ளுவண்டி வந்தால் ஒதுங்கி வழி விடுங்கள், அவ்வளவு பாரத்தோடு அவர்களால் சட்டென்று நிறுத்த முடியாது. முதலில் சொன்ன விலையில் வாங்க வேண்டாம், இரண்டு கடை ஏறி இறங்குங்கள், அதை யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள்.

போயா நாட்களில் இறைச்சிக்கடையும் மதுக்கடையும் மூடியிருக்கும், ஒவ்வொரு மாதமும் பூரணைக்கு விடுமுறை, கலண்டரைப் பார்த்து முதல் நாளே வாங்கி வைத்துவிடுங்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு நகரமே ஊருக்குப் போய்விடும், தனியாகத் தங்குகிறவர்கள் ஒரு வாரத்துக்குப் போதுமான அரிசி, பருப்பு, முட்டை, பால்மா எல்லாம் ஏப்ரல் 12ஆம் திகதிக்கு முன் வாங்க வேண்டும். காஸ் சிலிண்டர் லிட்ரோவா லாஃப்ஸா என்று வீட்டில் இருப்பதைப் பாருங்கள், ஒன்றின் வெற்றுச் சிலிண்டரைக் கொடுத்து மற்றதை எடுக்க முடியாது.

சமைக்கிற வசதியில்லாதவர்களுக்கு மதியச் சோற்றுப் பார்சல் எங்கும் கிடைக்கும், ஒரு பார்சல் இரண்டு பேருக்குக் காணும். காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும் வீட்டில் செய்து விற்கிற அம்மாமார் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள், பலகை எதுவும் இருக்காது, பக்கத்துக் கடையில் கேட்டால் சொல்வார்கள். இரவில் கொத்து. பின்னேரத்தில் பீத்தோவனின் மெட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டோவில் சூன் பாண் வரும், சீனிச்சம்பல் பணிஸ் சூடாக இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

கந்தோர் அலுவல்

இதில்தான் நம்மவர்கள் அதிகம் கஷ்டப்படுகிறார்கள், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பெரும்பாலான அலுவல் கிராம சேவகரிடமிருந்துதான் தொடங்கும். அவரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுத்து, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்க வேண்டும். கொழும்பு மாநகருக்குள் இரண்டு பிரதேச செயலகம், வடபகுதிக்குக் கொழும்பு, தென்பகுதிக்குத் திம்பிரிகஸ்யாய. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி எல்லாம் திம்பிரிகஸ்யாயவுக்குள் வரும். கிராம சேவகர் எல்லா நாளும் கந்தோரில் இருக்கமாட்டார், வெளிவேலைக்கும் போவார், எந்த நாளில் இருப்பார் என்பதை முதலிலேயே விசாரித்துவிட்டுப் போங்கள்.

அவர் முதலில் பார்ப்பது வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் இந்த முகவரியில் இருக்கிறதா என்று. நம்மில் பலருடைய பெயர் பல வருடமாக ஊர் வீட்டிலேயே கிடக்கிறது. ஊரில் வாக்கு இருக்கட்டும் என்று நினைப்பது புரிகிறது. ஆனால் பிள்ளையை முதலாம் வகுப்புக்குச் சேர்க்கிறபோது, வீட்டுக்குக் கிட்டிய பள்ளிக்கூடம் என்ற பிரிவில், இந்த முகவரியில் பெற்றோருக்குக் கடந்த ஐந்து வருட வாக்காளர் பதிவு இருக்கிறதா என்று பார்த்துப் புள்ளி போடுகிறார்கள், வாடகை ஒப்பந்தமும் பதியப்பட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். பிள்ளைக்கு நாலரை வயதானபோது ஓடித் திரிந்து பயனில்லை. கொழும்பில்தான் இருக்கப் போகிறோம் என்று முடிவானால், வருடாந்தம் வாக்காளர் இடாப்பைத் திருத்துகிறபோது வீட்டுக்காரரிடம் சொல்லி உங்கள் பெயரையும் போடச் சொல்லுங்கள். சில வீட்டுக்காரர் தயங்குவார்கள், பதிந்துவிட்டால் எழும்பமாட்டார்களோ என்ற பயம். வாடகைக்கு வரும்போதே இதைப் பேசி முடிப்பது அதனால்தான் முக்கியம்.

கடவுச்சீட்டும் அடையாள அட்டையும் பத்தரமுல்லை சுஹுருபாயவில். கொள்ளுப்பிட்டியிலிருந்து 177இல் போகலாம். தேவையான பத்திரங்களையும், நேரம் முன்பதிவு செய்ய வேண்டுமா என்பதையும் 1919க்கு அழைத்துக் கேளுங்கள், அது அரசாங்கத் தகவல் நிலையம், தமிழிலும் பதில் சொல்வார்கள். எல்லாப் பத்திரத்திலும் மூலப் பிரதியோடு இரண்டு போட்டோக் கொப்பியும், ஒரு பேனையும் கொண்டு போங்கள்.

மொழியைப் பற்றி. 1987இல் கொண்டுவந்த பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. தமிழ்ப் படிவம் கேட்பதும், தமிழில் எழுதிய கடிதத்துக்குத் தமிழில் பதில் கேட்பதும் உங்கள் உரிமை. படிவம் முடிந்துவிட்டது, சிங்களத்தில் நிரப்புங்கள் என்று சொன்னால் அமைதியாக, தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் யார் இருக்கிறார் என்று கேளுங்கள், பல கந்தோர்களில் ஒருவராவது இருப்பார். விளங்காத கடதாசியில் கையெழுத்து வைக்கவே வேண்டாம், வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி. மொழி உரிமை மறுக்கப்பட்டால் முறையிடுவதற்கு 1956 என்ற இலக்கம் இருக்கிறது. இதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. நாம் கேட்காமல் விட்டுவிட்டால் தமிழ்ப் படிவம் தேவையில்லை என்றே அங்கே நினைத்துவிடுவார்கள், நமக்குப் பின்னால் மலையகத்திலிருந்து வருகிற ஒரு அம்மாவுக்கு அந்தப் படிவம் கிடைக்காமல் போகும். கூடவே பேச்சுச் சிங்களமும் பழகுங்கள். தப்புத் தப்பாகப் பேசினாலும் "மல்லி" (தம்பி), "அக்கே" (அக்கா) என்று தொடங்கினால் முகம் மாறுகிறது, அலுவலும் நடக்கிறது.

வருத்தம் வந்தால்

அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கட்டத் தேவையில்லை. தேசிய வைத்தியசாலை மருதானைக்கும் பொரளைக்கும் கிட்ட, வெள்ளவத்தை தெஹிவளைக்காரருக்குக் களுபோவில கிட்ட, பிள்ளைகளுக்கு பொரளை லேடி ரிஜ்வே. கிளினிக் புத்தகத்தைத் தொலைக்காதீர்கள். விசேட வைத்தியரைத் தனியாரில் பார்ப்பதென்றால் சனல் பண்ண வேண்டும், அதாவது முன்கூட்டியே இலக்கம் எடுக்க வேண்டும், போனிலேயே செய்யலாம், இலக்கம் 30 என்றால் கொடுத்த நேரத்துக்கு ஓடிப்போய் உட்கார வேண்டியதில்லை, எத்தனையாவது இலக்கம் போகிறது என்று அழைத்துக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸ், இலவசம், எந்த நேரமும் வரும். இந்த இலக்கத்தை வீட்டில் வயதானவர்களின் போனில் முதலாவதாகப் போட்டுக் கொடுங்கள்.

காய்ச்சல் இரண்டாம் நாளும் விடவில்லையென்றால் இரத்தம் சோதிக்க வேண்டும். கொழும்பில் டெங்கு எந்த மாதமும் வரும், மழைக்குப் பிறகு கூடும். பரசிட்டமோல் தவிர வேறு வலிமாத்திரை போடாதீர்கள், அஸ்பிரினும் இபுபுரூஃபனும் டெங்குக் காய்ச்சலில் இரத்தப்போக்கைக் கூட்டும். அறையில் தனியாக இருக்கிற பிள்ளைகள் வேலை கெடும் என்று காய்ச்சலோடு நாலு நாள் படுத்துக் கிடப்பதுதான் ஆபத்து. பக்கத்து அறைக்காரருக்குச் சொல்லி வையுங்கள். பூச்சாடித் தட்டு, ஃபிரிட்ஜின் அடித்தட்டு, மொட்டைமாடியில் கிடக்கிற வெற்றுப் போத்தல் எல்லாவற்றையும் கிழமைக்கு ஒருமுறை கவிழ்த்துவிட வேண்டும், நுளம்புக் குடம்பிக்கு அவ்வளவு தண்ணீர் போதும்.

மழையும் குப்பையும்

மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை, ஒக்டோபர் நவம்பரில் பின்னேரம் இடியோடு கொட்டும். வடக்கில் இருந்து வருகிறவர்களுக்கு மாரி என்றால் மார்கழிதான், இங்கே மே மாதத்திலேயே உடுப்புக் காயாமல் மணக்கத் தொடங்கும். நல்ல குடை, வேலைக்குப் பையில் ஒரு மாற்றுச் சோக்ஸ். களனி கங்கை பெருகினால் வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்துவிடும், 2016 மே மாதம் கூரையளவுக்கு நின்ற இடங்களும் உண்டு. அங்கே வாடகை குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம் அது, தெரிந்து எடுங்கள். இடி இடித்தால் டிவி, ரவுட்டர் இரண்டின் பிளக்கையும் கழற்றுங்கள். குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பதுதான் இங்கே வழக்கம்.

குப்பையை உக்கும் குப்பை, மற்றவை என்று பிரித்துக் கட்டி வைக்க வேண்டும். 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று மீதொட்டமுல்லைக் குப்பைமேடு வீடுகளின் மேல் சரிந்து ஆட்கள் உயிரோடு புதைந்தார்கள், அதற்குப் பிறகுதான் இந்த விதி இறுகியது. நாம் போடுகிற குப்பை யாருடைய வீட்டுக்குப் பக்கத்தில் போய்க் கொட்டப்படுகிறது என்பதை நினைத்தால் பிரிப்பது சிரமமாகத் தெரியாது. எந்த நாள் எந்த வண்டி என்று காவலாளியிடம் கேட்டு, ஃபிரிட்ஜில் எழுதி ஒட்டுங்கள்.

மாலையும் விடுமுறையும்

வேலை, அறை, வேலை என்று மட்டும் இருந்தால் இந்த ஊர் ஆளை ஒடுக்கிவிடும். ருத்ரா மாவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, 1942இல் தொடங்கியது, நூலகத்தில் ஊரில் கிடைக்காத பழைய சஞ்சிகைகள் எல்லாம் பார்க்கலாம், நூல் வெளியீடு, கூட்டம் என்று அடிக்கடி ஏதாவது நடக்கும், யாரும் போய் உட்காரலாம். காலிமுகத்திடலில் மாலைக்காற்றும் இறால் வடையும். கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசர் கோயிலை முழுக்கக் கருங்கல்லில் கட்டியவர் பொன்னம்பலம் இராமநாதன், மதியத்தில் உள்ளே போனால் வெளியே இருக்கிற வெயிலே மறந்துபோகும். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு எல்லா மதத்தவரும் வருவார்கள். ஆடிவேலுக்குச் செட்டியார் தெருவிலிருந்து தேர் காலி வீதியால் வருகிறபோது பஸ் எல்லாம் சுற்றிப் போகும், அன்றைக்கு வேலையிலிருந்து நேரத்தோடு இறங்கி வீதியோரம் நின்று பாருங்கள். வெசாக்குக்குப் பக்கத்து ஒழுங்கையில் தன்சல் போட்டு வழிமறித்துச் சாப்பிடக் கூப்பிட்டால் மறுக்காமல் போய் உட்காருங்கள், அயலவரோடு பழகுவதற்கு அதைவிட நல்ல நாள் கிடையாது.

ஊருக்குப் போவதற்கு இரவு பஸ்கள் வெள்ளவத்தையிலிருந்தே புறப்படும், கோட்டையிலிருந்து யாழ்தேவியும் மற்ற ரயில்களும் இருக்கின்றன. ரயில் ஆசனத்தை ஒரு மாதத்துக்கு முன்பே பதியலாம், பொங்கல், சித்திரை, நல்லூர்த் திருவிழா, தீபாவளி என்றால் திறந்த அன்றே முடிந்துவிடும். போகிற டிக்கட்டை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பி வருவதை அங்கே போய்ப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், எல்லோரும் திங்கட்கிழமை வேலைக்காக ஞாயிறு இரவுதான் திரும்புகிறார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுங்கள், முடிந்தால் சனி இரவுக்கு.